சபாபதி கேட்ட சாயங்காலம்

என் தம்பி நடனசபாபதி சிதம்பரம் கீழ சன்னதியில் காபி போட்டான். கடை வாசலில் ‘சிங்காரம் காபி கிளப்’ என்று பலகை இருந்தாலும், கோயிலுக்கு வருகிறவர்கள் “சபாபதி கடை எங்கே?” என்றுதான் வழி கேட்பார்கள். இதில் சிங்காரம் முதலாளிக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஆனால் கல்லாவில் உட்கார்ந்திருப்பது தாம்தான் என்பதால் பொறுத்துக்கொண்டார்.

எங்கள் அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் காலராவில் போய்ச் சேர்ந்தார்கள். அப்போது நான் கல்யாணமாகிக் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருந்தேன். தம்பிக்கு மீசை முளைக்கவில்லை. முதலாளிதான் அவனைக் கடையில் சேர்த்துச் சோறு போட்டு, இரவில் பெஞ்சில் படுத்துக்கொள்ளவும் சொன்னார். அதை நாங்கள் மறந்ததில்லை. ஆகவே பின்னால் நான் சொல்லப்போவதை வைத்து அவரைக் கெட்டவர் என்று யாரும் எண்ணக் கூடாது.

சபாபதி விடிவதற்கு முன்னால் அடுப்பை மூட்டுவான். அர்த்தஜாம பூஜை பார்த்துவிட்டு வருகிற ஜனங்கள் ஆளுக்கு ஒரு காபி குடித்துப் போன பிறகுதான் அதை அணைப்பான். கூட்டம் குறைந்த மத்தியானத்தில் விறகுக் கட்டின் மேல் சாய்ந்து கண்ணை மூடுவான். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அந்தத் தூக்கமும் போய்விடும். வெள்ளி, ஞாயிறு என்று அவனுக்கு நாள் கிடையாது. மார்கழித் திருவாதிரைக்கு எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து தரிசனம் பார்த்துப் போவார்கள். கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த என் தம்பிக்குத் தேர் என்றால் அடுப்படி ஜன்னல் வழியாகக் கூரைகளுக்கு மேலே நகர்ந்து போகும் கலசம் மட்டும்தான்.

“வருஷா வருஷம் என்னத் தாண்டித்தானே போவுது அக்கா” என்பான். குறை சொல்லத் தெரியாதவன்.

அவனிடம் ஒரு குணம் உண்டு. ஒருவர் குடித்து வைத்த டம்ளரைப் பார்த்தாலே அவருக்குச் சர்க்கரை எவ்வளவு, சூடு எவ்வளவு என்று தெரிந்துகொள்வான். அடுத்த முறை அவர் வாய் திறக்க வேண்டியதில்லை.

நாற்பத்தெட்டாம் வருஷம் சித்திரையில் என் சின்னவனுக்குக் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தானே குத்த வேண்டும்? அதற்காக முதலாளி ஒரு பகல் பொழுது விட்டார். காது குத்தி, பிள்ளை அழுது ஓய்ந்ததும், சபாபதி என் அடுப்படிக்குள் போய் வந்தவர்களுக்கெல்லாம் காபி போட ஆரம்பித்துவிட்டான். உட்கார் என்றால் கேட்கவில்லை.

வந்தவர்களில் மஞ்சக்குப்பத்து ரத்தினம்மாளும் அவள் இரண்டாவது பெண் சிவகாமுவும் இருந்தார்கள். எங்களுக்குத் தூரத்து உறவு. எல்லாரும் குடித்த டம்ளரை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு எழுந்தார்கள். சிவகாமு தன்னுடையதைக் கழுவிக்கொண்டு வந்து அடுப்படியில் வைத்தாள்.

“எல்லாருக்கும் குடுத்தீங்க. நீங்க குடிச்சீங்களா?” என்று கேட்டாள்.

அவன் குடித்திருக்கவில்லை. காபி போடுகிறவனைப் பார்த்து அப்படிக் கேட்டவர்கள் அதுவரை ஒருவருமில்லை. ரயிலுக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, “அந்தப் பொண்ணு யாரு அக்கா?” என்றான். எனக்கு அவ்வளவு போதும்.

சிவகாமுவின் அப்பா கண்ணாயிரம் மஞ்சக்குப்பம் கலெக்டர் கச்சேரியில் டவாலிச் சேவகர். பெரிய உத்தியோகஸ்தர்களின் அறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து காத்திருப்பதே அவர் உத்தியோகம். நாங்கள் போய்ப் பேசியதும் முகம் கொடுத்துப் பேசினார். “எதுக்கும் பையனை ஒரு தரம் பாத்துட்டு வரேன்” என்றார். என்றைக்குப் போகிறார் என்று சொல்லவில்லை. ஆனியில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, யாரென்று காட்டிக்கொள்ளாமல் சிதம்பரம் போய்க் கடையில் ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டார். காத்திருப்பது அவருக்குக் கைவந்த வேலை அல்லவா?

மறுநாள் காலையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். கொடுத்த தண்ணீரை மெதுவாகக் குடித்தார்.

“பையன் தங்கமான பையன், பார்வதம். அதுல பேச்சே இல்ல.”

“அப்புறம் என்னா மாமா?”

“முதல் வண்டிக்குப் போனேன். அடுப்பாண்ட நின்னான். கோயிலுக்குப் போயிட்டு வந்தேன், நின்னான். சிவகங்கைக் குளத்தாண்ட ஒக்காந்துட்டு வந்தேன், நின்னான். சாப்புட்டுட்டு வந்தேன், நின்னான். விளக்கு வெச்சாங்க, அப்பவும் நின்னான். கடைசி வண்டிக்கு நேரமாச்சேன்னு எழுந்தேன், அவன் அப்பவும் நின்னுக்கினுதான் இருக்கான். எப்பம்மா அவன் ஒக்காருவான்?”

“வியாபாரம் ஜாஸ்தி உள்ள கடை மாமா அது.”

“இருக்கட்டும். எம் பெரிய பொண்ணு லோகநாயகிய ரைஸ்மில் டிரைவருக்குக் குடுத்தேன். அவரு வர்றப்ப அது தூங்குது. அது எழுந்திருக்கறப்ப அவரு இருக்கறதில்ல. சோத்த மூடி வெச்சு மூடி வெச்சே அதுக்கு வயசாவுது. இவளையும் அப்படி அனுப்ப என்னால ஆவாதும்மா. ஒந் தம்பிக்குக் குடுக்கறதும் ஒண்ணுதான், அந்த அடுப்புக்குக் குடுக்கறதும் ஒண்ணுதான்.”

தபாலாபீசில் வேலை பார்க்கிற ஒரு பையன் வீட்டிலிருந்தும் கேட்கிறார்கள் என்றார். அஞ்சு அடித்தால் வீட்டில் இருக்கிற பையனாம். எதுவானாலும் தைக்குள் முடிவு செய்யப்போவதாகச் சொல்லிவிட்டு எழுந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என் பெண்ணாக இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

சிதம்பரம் போய்த் தம்பியிடம் சொன்னேன். அவன் அடுப்பிலிருந்து பாலை இறக்கி வைத்தான்.

“ஒல்லியா, மடியில மூக்குக்கண்ணாடி டப்பி வெச்சுக்கினு இருந்தாரே, அவரா? முதல் காபியில பாதிய வெச்சுட்டாரு அக்கா. இனிப்பு ஆவலன்னு தெரிஞ்சுது. அப்புறம் சர்க்கரை கம்மியா குடுத்தேன். மிச்சம் வெக்கல.” பிறகு, “அவரு சொன்னது நியாயந்தானே” என்றான்.

எனக்கு ஒரு டம்ளர் காபி போட்டுக் கொடுத்தான். அதில் சர்க்கரையே இல்லை. நான் அதை அப்படியே குடித்து முடித்தேன்.

கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் மதராஸ் சர்க்கார் புதுச் சட்டம் போட்டிருக்கிறது என்று அதற்கு முன்பே பேச்சு இருந்தது. அந்தச் சட்டம் எங்கள் வீட்டுக்கு என் கணவரோடு வந்தது. அவர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். பிள்ளைகள் தூங்கிய பிறகு வருகிற மனிதர். ஆவணியில் ஒரு நாள், நான் விளக்கேற்றிக்கொண்டிருக்கும்போது வாசலில் வந்து நின்றார். திரியைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன்.

“என்னாங்க, ஒடம்பு சரியில்லியா?”

“ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குது. சட்டம் வந்திருக்குது.”

“சட்டம் வந்தா வூட்டுக்கு அனுப்பிடுவாங்களா?”

“அதுக்குத்தான் சட்டமே” என்று சிரித்தார். சின்னவன் அவரைப் பார்த்து என் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். அந்த நேரத்தில் அப்பா வருவார் என்பது அவனுக்குத் தெரியாது.

எதையும் என் கண்ணால் பார்த்தால்தான் எனக்கு மனம் ஆறும். மறுநாள் துண்டு எடுக்க வந்தவள் போல அந்த ஜவுளிக்கடைக்குப் போய், சுவரில் மாட்டியிருந்த சட்டப் பலகையை ஒவ்வொரு வரியாகப் படித்தேன். நான் ஐந்தாவது வரை படித்தவள். நிதானமாகப் படித்தால் எனக்கு எல்லாம் விளங்கும். ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை. நாலு மணி நேரம் வேலை செய்தால் நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் அது ஓவர்டைம், அதற்கு இரட்டைச் சம்பளம். ஓவர்டைம் கொடுத்தாலும் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. கடைசி வரியை இரண்டு தடவை படித்தேன்.

அடுத்த வண்டியில் சிதம்பரம் போனேன். சபாபதி கேட்டுவிட்டுப் பாலை ஆற்றிக்கொண்டே நின்றான்.

“சோறு போட்டவரு அக்கா. அவருகிட்ட போயி நான் சட்டம் பேசறதா?”

“சட்டம் பேச வேணாம். ஒன் சங்கதியப் பேசு. நான் கூட இருக்கேன்.”

கல்லாவுக்கு எதிரே போய் நின்றோம். சபாபதி தரையைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். கடைசியில் நான்தான் ஆரம்பித்தேன். கடலூர்க் கடைகளில் பலகை மாட்டியிருக்கிறார்களே, இங்கே இல்லையா என்று கேட்டேன்.

“ஏம்மா இல்ல? மாட்டியிருக்கேனே” என்று கையைக் காட்டினார் முதலாளி. சாமான் அறையில், பழுக்கத் தொங்கவிட்டிருந்த வாழைத்தாருக்குப் பின்னால் பலகையின் ஒரு மூலை தெரிந்தது. சப்ளையர் ராஜசபேசன் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தான்.

“சரிம்மா, ஒளிச்சுப் பேசுவானேன்? ஓவர்டைம்னு போட்டிருக்குல்ல, குடுத்துடறேன். சபாபதி எப்பவும் போல இருக்கட்டும். ராத்திரிக் கணக்குக்கு ரெண்டு மடங்கு. போதுமா?”

“எனக்கும் சேத்துக் குடுங்க முதலாளி” என்றான் ராஜசபேசன். “எனக்கு வூட்டுக்குப் போனாத்தான் கஷ்டம்.”

“ரெண்டு மடங்கு குடுத்தாலும் பத்து மணி நேரத்தத் தாண்டக் கூடாதுங்க” என்றேன். “அதையும் போட்டிருக்குது. வாழைத்தார நகத்திப் பாருங்க.”

முதலாளி முகம் சிவந்தது. நான் கூடுதலாகப் பேசிவிட்டேன் என்று தெரிந்தது. அப்போதுதான் சபாபதி வாயைத் திறந்தான்.

“எனக்கு ரெட்டைச் சம்பளம் வேணாம் முதலாளி. சாயங்காலம் வேணும்.”

“சாயங்காலமா? சாயங்காலம் போயி நீ என்னா பண்ணுவே? ஒனக்கு பொண்டாட்டியா, புள்ளையா?”

“இல்லீங்க.”

“அப்புறம் யாரப் பாக்க ஓடறே?”

“யாரும் இல்லாததுக்குக் காரணம் சாயங்காலம் இல்லாததுதானுங்க. பொண்ணு கேட்டோம். எப்ப வூட்டுக்கு வருவான்னு கேக்கறாங்க. நான் என்னா சொல்றது?”

முதலாளி அவனையே பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவன் சேர்ந்தாற்போல் பேசியது அன்றைக்குத்தான். பிறகு பெட்டிச் சாவியை எடுத்து இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

“சாயங்காலக் கூட்டத்துக்கு யாருடா காபி போடறது?” என்றார். உடனே தாமே, “ஏன், நான் போட மாட்டேனா? நீ வர்றதுக்கு முன்னாடி இந்தக் கடையில யாரு போட்டது? நாந்தான். போ, நாளையிலேருந்து போ” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

இதோடு முடிந்தது என்று நினைத்துக் கடலூர் திரும்பினேன். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால், விளக்கு வைத்த பிறகும் சபாபதி அடுப்படியில்தான் நிற்கிறான்.

“என்னடா இது?”

“மத்தியானமே அனுப்பிட்டாரு அக்கா. நாலு வீதியும் சுத்தினேன். குளத்தாண்ட ஒக்காந்தேன். அப்புறம் எங்க போறதுன்னு தெரியல. வந்து பெஞ்சில ஒக்காந்தேன். யாரோ ‘சபாபதி, ஒரு காபி’ன்னாங்க. எழுந்து வந்துட்டேன்.”

தினமும் அதேதான் நடந்திருக்கிறது. முதலாளி அனுப்பிவிட்டார். இவன் கால் திரும்பி வந்துவிட்டது. போக வீடு இல்லாதவனுக்குச் சாயங்காலத்தைக் கொடுத்து என்ன பிரயோஜனம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அன்றைக்கே வடக்கு வீதியில் ஒரு வீட்டின் முன்னறையை வாடகைக்குப் பேசினேன். ஒரு பாய், ஒரு விளக்கு, ஒரு கரி அடுப்பு, இரண்டு டம்ளர் வாங்கி வைத்தேன்.

“எதுக்கு அக்கா ரெண்டு டம்ளரு?” என்றான்.

“ஒண்ணுதான் இருந்துதுன்னா ஒருத்தரும் வர மாட்டாங்க” என்றேன்.

என் கணவர் மஞ்சக்குப்பம் போய்க் கண்ணாயிரத்திடம், இப்போது பையனுக்கு எட்டு மணி நேர வேலைதான் என்றார். “சட்டம் வந்தது எனக்கும் தெரியும். நானே ஒரு தரம் பாத்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டார் அவர். இந்தத் தடவையும் எப்போது என்று சொல்லவில்லை. எனக்குத் தூக்கம் போயிற்று. கார்த்திகை தீபம் நெருங்கிக்கொண்டிருந்தது. கோயிலில் கூட்டம் கூடினால் கடையிலும் கூடும். யாராவது ‘சபாபதி’ என்று ஒரு குரல் கொடுத்தால் என் தம்பி வடக்கு வீதியிலிருந்தாவது ஓடி வந்துவிடுவான். அந்த நேரம் பார்த்து அந்த மனிதர் மூலையில் உட்கார்ந்திருந்தால் எல்லாம் போச்சு.

தீபம் முடிந்த இரண்டாம் நாள் காலையில் கண்ணாயிரம் வந்தார். கூட ரத்தினம்மாளும் வந்திருந்தாள். அவர் முகம் கசாயம் குடித்தவர் மாதிரி இருந்தது.

“ஒக்காருங்க மாமா. காபி கொண்டாறேன்.”

“காபிப் பேச்ச எடுக்காதம்மா. நேத்து சாயங்காலம் ஒந் தம்பி கடையில குடிச்சது இன்னும் நெஞ்சுலயே நிக்குது. அது காபியா அது? கழுநீரு.”

எல்லாம் போச்சு என்று நினைத்தேன். சபாபதி நேற்றும் அடுப்படியில் நின்றிருக்கிறான். அதுவும் ஏதோ கவலையில் காபியைக் கெடுத்திருக்கிறான்.

“அவன் ஒரு நாளும் அப்படிப் போட மாட்டானே மாமா…”

“அதத்தாம்மா நானும் நெனச்சேன். ஒரு வாய் குடிச்சதுமே தெரிஞ்சு போச்சு. எழுந்து உள்ள எட்டிப் பாத்தேன். முதலாளி வேர்வையத் தொடச்சுக்கினு பால ஆத்திக்கினு இருக்காரு. சபாபதி எங்கன்னேன். ‘வூட்டுக்குப் போயிட்டான். வேணும்னா நாளைக்குக் காலையில வா’ன்னு எம் மேல எரிஞ்சு விழறாரு. அந்தக் காபிய முழுசும் குடிச்சேம்மா. ஒரு சொட்டு மிச்சம் வெக்கல.”

ரத்தினம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கண்ணாயிரம் அதோடு விடவில்லை. விசாரித்துக்கொண்டு வடக்கு வீதிக்கும் போயிருக்கிறார். விளக்கேற்றி வைத்துவிட்டு, என் தம்பி பாயில் காலை நீட்டிச் சும்மா உட்கார்ந்திருந்தானாம். “ஒக்காந்திருந்தாம்மா” என்று அதை இரண்டு தடவை சொன்னார். வாசலில் ஆளைப் பார்த்ததும் எழுந்திருக்கிறான். வாங்க என்று சொல்லிப் பாயைத் தட்டிப் போட்டிருக்கிறான். கரி அடுப்பில் பாலை வைத்து, அந்த இரண்டாவது டம்ளரில் காபி கொடுத்திருக்கிறான்.

“என்ன மாதிரி காபி மாமா?” என்றேன்.

“‘சர்க்கரை கம்மியா போட்டிருக்கேன் மாமா’ன்னான். அவ்வளவுதான் பேசினான்” என்றார். “கைய நீட்டு, தட்டு கொண்டாந்திருக்கோம்.”

ரத்தினம்மாள் பையைத் திறந்தாள். வெற்றிலை, பாக்கு, பூ, பழம் எல்லாம் இருந்தன.

கல்யாணம் தையில் என்று நிச்சயமாயிற்று. மார்கழித் திருவாதிரை வந்தபோது சபாபதி தானாகவே முதலாளியிடம் போய், இந்தப் பத்து நாளும் கூடுதலாக இரண்டு மணி நேரம் இருக்கிறேன் என்றான். முதலாளி மறு பேச்சில்லாமல் அதற்கு இரட்டைச் சம்பளம் போட்டுக் கொடுத்தார். சிவகாமுவின் கூறைப்புடவை அந்த ஓவர்டைம் பணத்தில் வாங்கியது. தேரன்றைக்கு, “போடா, இந்த வருஷமாவது சக்கரத்தப் பாத்துட்டு வா” என்று முதலாளியே அவன் கையிலிருந்த பால் குவளையைப் பிடுங்கிக்கொண்டாராம். கீழ வீதியில் நின்று என் தம்பி வடத்தைத் தொட்டுக் கும்பிட்டான்.

கல்யாணத்துக்குச் சிங்காரம் முதலாளி பட்டு அங்கவஸ்திரத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். பந்திக்குப் பிறகு கண்ணாயிரத்திடம் போய், “இப்ப சாயங்காலம் நம்ம கைக் காபிதான். நீங்க குடிச்சிருக்கீங்களா?” என்று கேட்டார்.

கண்ணாயிரம் எழுந்து நின்று கை கூப்பினார். “உங்க காபியக் குடிச்சப்புறந்தாங்க இந்தக் கல்யாணத்துக்கே சம்மதிச்சேன். எந்தக் காரணத்தக் கொண்டும் விட்டுடாதீங்க.”

முதலாளி பூரித்துப்போனார். ராஜசபேசனுக்குப் புரை ஏறியது. தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தோம்.

சபாபதியைத் தேடினேன். பந்தலில் காணோம். அடுப்படியில் பார்த்தால், மாலையும் கழுத்துமாக நின்று சமையல்காரரிடம் டம்ளரை வாங்கிக் காபியை ஆற்றிக்கொண்டிருந்தான். காலையிலிருந்து யார் யாரையோ விழுந்து விழுந்து கும்பிட்ட களைப்பில் சிவகாமு அங்கே ஒரு பலகையில் உட்கார்ந்திருந்தாள். அவள் அவன் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, பக்கத்துப் பலகையை இழுத்துப் போட்டு, அவனை உட்காரச் சொன்னாள்.